உங்கள் கடிதத்துக்கு முத்திரை இருக்கிறதா?

(பழவேற்காட்டில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட பயிற்சி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பும் முறை. "ஆலிமுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. ஒருவர் நம்மை நம்பி எழுதும் கடிதம் நம்மிடம் வந்து சேரும் அமானிதம். அந்த அமானிதத்தைப் பாதுகாக்கும் வழி தெரிந்திருந்தும் அதைக் கற்றுக்கொள்ளாமல் இருந்தால் அது நம்முடைய அலட்சியம்.

பழவேற்காட்டு வியாபாரி இன்று என்னென்ன அனுப்புகிறார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். நண்டு, இறால் கொள்முதல் கணக்கு சென்னைக்குப் போகிறது. வங்கிக் கணக்கு எண் போகிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் தம்பியின் பாஸ்போர்ட் நகல் ஏஜெண்டுக்குப் போகிறது. ஜமாஅத்தின் சொத்துப் பத்திர நகல் வழக்கறிஞருக்குப் போகிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தால் மீன்பிடித் தொழில் பாதிக்கும் என்று குப்பங்கள் மனு எழுதினால், அந்த மனுவின் வரைவும் மின்னஞ்சலில்தான் போகிறது. இத்தனையும் உறை இல்லாத கடிதங்களாகவே போகின்றன!

"இப்போது எல்லா மின்னஞ்சலும் பாதுகாப்பாகத்தானே போகிறது?" என்று படித்த இளைஞர்கள் கேட்பார்கள். பாதி உண்மை. உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து மின்னஞ்சல் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வரைக்கும், அங்கிருந்து அடுத்த நிறுவனம் வரைக்கும் வழியில் பெரும்பாலும் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் கடிதம் தங்கும் ஒவ்வொரு சத்திரத்திலும் பூட்டு திறக்கப்படுகிறது. அந்த நிறுவனத்தால் அதைப் படிக்க முடியும். உங்கள் பாஸ்வேர்டைத் திருடியவனாலும் படிக்க முடியும். அனுப்பியவர் கையால் பூட்டி, பெறுபவர் கையால் மட்டுமே திறக்கும் முறைதான் முழுமையான பாதுகாப்பு.

முத்திரை மோதிரத்தின் பாடம்

நபி (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை ரோமர்கள் படிக்கமாட்டார்கள் என்று எடுத்துச் சொல்லப்பட்டது. உடனே வெள்ளியில் முத்திரை மோதிரம் செய்யப்பட்டது. அதே வாசகத்தை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் நபியவர்கள் தடுத்தார்கள். இந்தச் செய்தி ஸஹீஹான ஹதீஸ்களில் வருவதை நீங்கள் அறிவீர்கள். ஏன் அந்தத் தடை? இரண்டு பேரிடம் ஒரே முத்திரை இருந்தால் அது முத்திரையே அல்ல!

அந்த மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) அவர்களுக்குப் பின் உஸ்மான் (ரலி) அவர்களிடம் வந்தது. அரீஸ் என்னும் கிணற்றில் அது விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடியும், கிணற்று நீரை இறைத்தும் கிடைக்கவில்லை. தொலைந்தது தொலைந்ததுதான்.

உஸ்மான் (ரலி) அவர்களின் இறுதிக் காலத்தில் நடந்ததை வரலாற்று ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எகிப்திலிருந்து வந்து திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தார் வழியில் ஒரு கடிதத்தைக் கைப்பற்றினார்கள். அவர்களைத் தண்டிக்கும்படி அதில் எழுதியிருந்தது. கலீஃபாவின் முத்திரையும் இருந்தது. தாம் அதை எழுதவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை என்று கலீஃபா சத்தியம் செய்தார்கள். கூட்டம் நம்பவில்லை. முற்றுகை நடந்தது. ஹிஜ்ரி 35ல் கலீஃபா ஷஹீதாக்கப்பட்டார்கள். எழுதாத கடிதம் ஒன்று ஒரு சமுதாயத்தையே பிளக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

முத்திரை ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். முத்திரை தொலையக் கூடாது. முத்திரை பிறர் கைக்கு எட்டக் கூடாது. இந்த மூன்றும் இன்று நான் சொல்லப்போகும் கம்ப்யூட்டர் சாவிக்கும் அப்படியே பொருந்தும்.

பழைய பூட்டும் புதிய பூட்டும்

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்று அதைச் சொல்கிறோம். தமிழக முஸ்லிம்களும் இலங்கை முஸ்லிம்களும் மார்க்க நூல்களுக்கும் கடிதங்களுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். அந்த எழுத்து தெரியாதவருக்கு அது புரியாது. தெரிந்தவருக்கு ஒளிவே இல்லை. ஆகவே அது எழுத்துமுறைதானே தவிர பூட்டு அல்ல.

"எழுத்துகளை மாற்றிப் போட்டு எழுதினால் யாருக்கும் புரியாதே?" என்று கேட்கலாம். அந்தப் பூட்டை உடைக்கும் வழியை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் அல்-கிந்தி. ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வரும், எது குறைவாக வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு மறைகடிதத்தில் எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் மறைவு கலைந்துவிடும். மறைகடிதத்தைத் திறக்கும் இந்தக் கலையில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அவருடையதுதான். அப்படிப்பட்ட பாரம்பரியத்தின் வாரிசுகள், இன்று ஒரு பட்டனை அழுத்தத் தயங்கலாமா?

பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. நெடுங்காலம் இதுதான் நிலைமை. அந்தச் சாவியை எதிர்த் தரப்புக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதே பெரும் சிக்கல். 1976ல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இதற்கு வழி காட்டினார்கள். பூட்ட ஒரு சாவி, திறக்க வேறு சாவி!

இது எப்படி என்றால், பள்ளிவாசல் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் அதில் காசு போடலாம். போட்டவரே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. சாவி வைத்திருப்பவர் மட்டுமே திறப்பார். நீங்கள் ஊருக்கெல்லாம் ஓர் உண்டியலைக் கொடுத்துவிடுகிறீர்கள். அது உங்கள் பொதுச் சாவி. திறக்கும் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்கிறீர்கள். அது உங்கள் இரகசியச் சாவி. அதே இரகசியச் சாவியால் கடிதத்தில் முத்திரையும் இடலாம். உங்கள் பொதுச் சாவி வைத்திருக்கும் எவரும் அந்த முத்திரை உங்களுடையதுதானா, கடிதத்தில் ஓர் எழுத்தாவது மாற்றப்பட்டதா என்று சரிபார்த்துவிடலாம்.

இதைச் சாதாரண மக்களும் பயன்படுத்தும்படி 1991ல் பி.ஜி.பி. என்ற மென்பொருளாகச் செய்து இலவசமாகக் கொடுத்தவர் ஃபில் ஸிம்மர்மன் என்ற அமெரிக்கர். ஆயுதத்தை ஏற்றுமதி செய்தது போல அமெரிக்க அரசு அவர்மீது விசாரணை நடத்தி, 1996ல் வழக்குப் போடாமலே கைவிட்டது. அவர் போட்ட பாதையில் வந்ததுதான் இன்றைய ஓப்பன் பி.ஜி.பி. முறை.

செய்முறை

சகோதரர்களே, இனி சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்டர்பேர்ட் என்பது கம்ப்யூட்டரில் இயங்கும் இலவச மின்னஞ்சல் மென்பொருள். 2020ல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து ஓப்பன் பி.ஜி.பி. வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. முன்பு போல் தனியாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

முதலாவது: தண்டர்பேர்டை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். யாரோ பென்டிரைவில் கொடுத்ததை வாங்கிப் போடாதீர்கள். உங்கள் மின்னஞ்சல் முகவரியை அதில் சேர்த்து, கடிதம் வருகிறதா, போகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது: மென்பொருளுக்கே ஒரு பூட்டுப் போடுங்கள். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' என்ற இடத்தில் 'பிரைமரி பாஸ்வேர்ட்' இருக்கும். அதை வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் கடையில் உங்கள் கம்ப்யூட்டரில் உட்காரும் எவரும் உங்கள் சாவியைக் கையாள முடியும். முத்திரை மோதிரத்தை மேசைமேல் வைத்துவிட்டு லுஹருக்குப் போவதுபோல் ஆகிவிடும்.

மூன்றாவது: 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' திறந்து, உங்கள் முகவரியின் கீழ் 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்' என்பதை அழுத்துங்கள். 'ஆட் கீ' கொடுத்து, புதிய ஓப்பன் பி.ஜி.பி. சாவி உருவாக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாவி எத்தனை காலம் செல்லும் என்று கேட்கும். 3 ஆண்டுகள் என்று அதுவே காட்டும், அப்படியே விடுங்கள். பின்னால் நீட்டித்துக்கொள்ளலாம். சாவியின் வகை, அளவு பற்றிய கேள்விகளுக்கும் அது காட்டுவதையே ஏற்றுக்கொள்ளுங்கள். உருவான சாவியை அந்த முகவரிக்குரியதாகத் தேர்வு செய்துவிடுங்கள்.

நான்காவது: உடனே, அன்றைக்கே, இரகசியச் சாவிக்கு நகல் எடுங்கள். 'ஓப்பன் பி.ஜி.பி. கீ மேனேஜர்' திறந்து, 'ஃபைல்' பட்டியலில் இரகசியச் சாவியை நகலெடுக்கும் வரி இருக்கும். அது ஒரு பாஸ்வேர்ட் கேட்கும், நீண்டதாகக் கொடுங்கள். அந்த நகலைப் பென்டிரைவில் போட்டு, நகை வைக்கும் பெட்டியில் வையுங்கள். பாஸ்வேர்டை அதே பெட்டியில் வைக்காதீர்கள். அரீஸ் கிணற்றை மறக்காதீர்கள்! சாவி தொலைந்தால், பூட்டி வந்த பழைய கடிதங்களைத் தண்டர்பேர்ட் செய்தவர்களாலும் திறந்து தர முடியாது.

ஐந்தாவது: உங்கள் பொதுச் சாவியை உங்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்கு அனுப்புங்கள். கடிதம் எழுதும் பலகையில் 'ஓப்பன் பி.ஜி.பி.' பட்டியலைத் திறந்து 'அட்டாச் மை பப்ளிக் கீ' என்பதை அழுத்தினால் போதும். அதைப் பெற்றவர் தம் தண்டர்பேர்டில் ஏற்றிக்கொள்வார். அவர் அனுப்புவதை நீங்களும் அப்படியே ஏற்றிக்கொள்ளுங்கள். பொதுச் சாவியை யார் பார்த்தாலும் பாதகமில்லை.

ஆறாவது: பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வந்த பொதுச் சாவி உண்மையிலேயே அவருடையதுதானா என்று சரிபாருங்கள். ஒரு மோசடிக்காரன் அவர் பெயரில் தன்னுடைய உண்டியலை வைத்துவிட்டால், நீங்கள் போடும் காசெல்லாம் அவனுக்குத்தான். ஒவ்வொரு சாவிக்கும் 'ஃபிங்கர்பிரிண்ட்' என்று 40 எழுத்து, எண் கொண்ட கைரேகை இருக்கிறது. நான்கு நான்காகப் பிரித்து 10 கட்டங்களாகக் காட்டும். நேரில் சந்தித்து, அல்லது குரல் தெரிந்தவரிடம் தொலைபேசியில் பேசி, ஒவ்வொரு கட்டமாகப் படித்து ஒப்பிடுங்கள். பொருந்தினால், சரிபார்த்துவிட்டேன் என்ற தேர்வைக் குறியுங்கள். அதே மின்னஞ்சலில் வரும் கைரேகையை நம்பிச் சரிபார்ப்பது சரிபார்ப்பே அல்ல.

ஏழாவது: இனிக் கடிதம் எழுதும்போது 'என்கிரிப்ட்' பட்டனை அழுத்துங்கள். அதோடு 'டிஜிட்டலி சைன்' என்பதும் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டு தனி, முத்திரை தனி. பெறுபவரின் பொதுச் சாவி உங்களிடம் இல்லாவிட்டால் மென்பொருளே எச்சரித்து நிறுத்திவிடும்.

கைபேசியில் மட்டும் மின்னஞ்சல் பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு கைபேசிக்கான தண்டர்பேர்ட் 2024ல் வந்தது. அதோடு ஓப்பன்கீசெயின் என்ற செயலியைச் சேர்த்து இதே முறையைப் பயன்படுத்தலாம். ஆனாலும் முதலில் கம்ப்யூட்டரில் பழகுங்கள்.

வியாபாரிகளே, கேளுங்கள்!

ஏற்றுமதி வியாபாரத்தில் நடக்கும் மோசடி இப்படித்தான். பில் தொகை வரவேண்டிய நேரம். வாங்குபவருக்கு உங்கள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் போகிறது: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்." எழுதியது நீங்கள் அல்ல. யாரோ உங்கள் மின்னஞ்சலுக்குள் புகுந்து, கணக்கு வழக்கெல்லாம் படித்து, சரியான நாளில் எழுதியிருக்கிறான். பணம் போய்விடுகிறது. சரக்குக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை வருகிறது. நாணயமான இரண்டு பேர் ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லும் நிலை!

எனவே உங்கள் வாடிக்கையாளரோடு இன்றே ஒரு நிபந்தனை பேசிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாமல் வரும் கணக்கு மாற்றக் கடிதம் செல்லாது. முத்திரையோடு வந்தாலும் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிட்டே பணம் அனுப்ப வேண்டும். அதையும் மீறி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய கட்டம் போட்ட கைலி மலாய் நாடுகளெங்கும் போயிற்று. இன்றும் அங்கே அந்தக் கைலிக்கு 'கைன் பெலிகாட்' என்றுதான் பெயர். கண் காணாத தேசத்துக்காரன் இந்த ஊர்ச் சரக்கை நம்பி வாங்கினான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் கருவி இன்று இந்தச் சாவி.

சந்தேகப்பட மாட்டார்களா?

இளைஞர்கள் என்னிடம் தனியாகக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "முஸ்லிம் பையன் கடிதத்தைப் பூட்டி அனுப்பினால் சந்தேகப்பட மாட்டார்களா?" இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

பதில் சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கடிதத்தைப் பூட்டி அனுப்புவது இந்நாட்டில் குற்றமல்ல. உங்கள் வங்கி பூட்டித்தான் அனுப்புகிறது. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகளும் பூட்டியே போகின்றன. 2015 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு வரைவுக் கொள்கை வெளியிட்டது. பூட்டி அனுப்பும் செய்தியின் திறந்த நகலை 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே அந்த வரைவு திரும்பப் பெறப்பட்டது.

அதே நேரத்தில் சட்டத்தின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆவது பிரிவின்படி, முறையான உத்தரவின் பேரில் பூட்டைத் திறந்து காட்டும்படி அதிகாரிகள் கேட்க முடியும். மறுத்தால் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. அப்படி ஓர் உத்தரவு வந்தால் பதறாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள், வழக்கறிஞரைக் கலந்து நடந்துகொள்ளுங்கள். சாவியை அழிப்பதோ பொய் சொல்வதோ கூடாது.

"நம்மிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை இருக்கிறது. இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று பிரித்துக்கொள்கிறார்கள். தன் முறையில்லாத பாட்டில் வலை போடப் போகிறவனை ஊர் தடுக்கும். "உன் பாட்டில் ஒளிக்க என்ன இருக்கிறது?" என்று அவன் கேட்டால் ஏற்றுக்கொள்வீர்களா? பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல் நுழையாதீர்கள் என்றும், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்றும் திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. பிறருக்கு நாம் கொடுக்க வேண்டிய அந்த உரிமை நமக்கும் உண்டு.

பூட்டால் முடியாதவை

இந்தப் பூட்டை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. யார் யாருக்கு எழுதினார், எந்த நாள், எந்த நேரம் என்பதை இது மறைக்காது. கடிதத்தின் தலைப்பைத் தண்டர்பேர்ட் மறைக்கிறது; வேறு பல மென்பொருள்கள் மறைப்பதில்லை. ஆகவே தலைப்பில் இரகசியம் எழுதாதீர்கள்.

அதைவிட முக்கியமானது, உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே திருடன் இருந்தால் பூட்டால் பயனில்லை. பீமா கோரேகான் வழக்கில் 2018ல் கைதான ரோனா வில்சனின் கம்ப்யூட்டர் நகலை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற நிறுவனம் ஆராய்ந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் நடந்த ஆய்வு அது. 2016 ஜூனில், அவருக்குத் தெரிந்த ஒருவரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வந்த கோப்பைத் திறந்ததும் உளவு மென்பொருள் உள்ளே புகுந்ததாகவும், பின்னர் ஆவணங்கள் அவருக்குத் தெரியாமலே அதில் வைக்கப்பட்டதாகவும் 2021 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கை சொன்னது. புலனாய்வுத் தரப்பு இதை ஏற்கவில்லை. வழக்கைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நமக்கு வேண்டிய பாடம் ஒன்றே: தெரிந்தவர் பெயரில் வந்தது என்பதற்காக இணைப்பைத் திறக்காதீர்கள். முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லையா? அவரிடமே பேசிக் கேளுங்கள். தண்டர்பேர்டையும் விண்டோஸையும் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஜமாஅத் முகவரியின் சாவியை ஒரே ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். நகலைச் செயலாளரும் பாஸ்வேர்டைப் பொருளாளரும் வைத்துக்கொள்ளட்டும். நிர்வாகம் மாறும்போது பழைய சாவியை இரத்துச் செய்து, புதிய சாவியை எல்லோருக்கும் அறிவியுங்கள். கணக்குப் புத்தகத்தை ஒப்படைப்பதுபோல் இதையும் எழுத்தில் ஒப்படையுங்கள்.

சகோதரர்களே! இதைக் கேட்டுவிட்டு 'நல்ல பேச்சு' என்று சொல்லிக் கலைந்துவிட்டால் பயனில்லை. வரும் ஜும்ஆவுக்குள் உங்களில் 10 பேர் சாவி உருவாக்குங்கள். கைரேகையைத் தாளில் எழுதி எடுத்து வாருங்கள். தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் படித்துச் சரிபாருங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள் வியாபாரிகளின் கடைக்கே போய் உதவட்டும். ஓலைக்கூடை பின்னி விற்கும் சகோதரிகளுக்கும் ஆர்டர்கள் மின்னஞ்சலில் வருகின்றன என்றால், வீட்டுப் பெண்கள் மூலமாக அவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். இந்த 10 பேர் அடுத்த மாதத்துக்குள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்த்தால், இன்ஷா அல்லாஹ், ஏரியின் இந்தக் கரையில் முத்திரையில்லாத வியாபாரக் கடிதம் அரிதாகிவிடும்.

வஸ்ஸலாம்.